மலைப்பாதையும் மறந்துபோன தோள்களும்

நினைவு மலர் என்றாலே பெயர்களின் தொகுப்புதான். பங்குத்தந்தையர் வரிசை, கோயிலுக்கு நிலம் தந்தவர்கள், மணியும் சுரூபமும் வாங்கித் தந்தவர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள் அச்சேறும். அது முறையே. அவர்கள் எல்லாரையும் நன்றியோடு நினைத்து இறைவனைப் போற்றுகிறோம். ஆயினும் எந்தக் கல்வெட்டிலும் பெயர் ஏறாத கூட்டம் ஒன்று உண்டு. குருக்கள் வந்து சேர வழி வெட்டியவர்களும், அந்த வழியில் அவர்களுடைய பெட்டியைத் தலையிலும், நோயுற்ற காலத்தில் அவர்களையே தோளிலும் சுமந்தவர்களும்தான் அவர்கள். இந்த ஜூபிலி ஆண்டில் அவர்களுக்காகச் சில பக்கங்களை ஒதுக்க விரும்புகிறோம்.

மழை பெய்து ஓய்ந்த காலையில் மேற்கே நோக்கினால் நீலத் திரைபோல் பழனிமலை எழுந்து நிற்பதை மதுரைச் சமவெளியில் வாழும் நாம் அறிவோம். அந்த மலையின் தென்சரிவிலே, பெரியகுளத்தின் பக்கத்திலிருந்து அடர்ந்த காட்டினூடே கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பாதையின் கதையே இது. 1985இல் திண்டுக்கல் மாவட்டமும் பின்னர் தேனி மாவட்டமும் பிரியும்வரை மலையுச்சியும் அடிவாரமும் நமது மதுரை மாவட்டமாகவே இருந்தன. ஆகவே இது அயலூர்க் கதையன்று. நம் வீட்டுக் கதையே.

வெயிலும் சாவும்

1606இல் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்ததும், 1693இல் புனித அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தியதும் நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த வரலாறு. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அது மீண்டும் உயிர்பெற்ற பிறகு, பெர்த்ராந்து, கார்னியே, மார்த்தேன், தெ ரான்கே என்ற நான்கு பிரெஞ்சுக் குருக்கள் இந்நாட்டுக்கு வந்து, 1838இல் மதுரை மறைப்பணியைத் திரும்பத் தொடங்கினர்.

குளிர் நாட்டில் பிறந்த அந்த உடல்களுக்கு நமது கத்திரி வெயில் பொறுக்கவில்லை. வாந்திபேதி அடிக்கடி ஊர்களைச் சூறையாடிய காலம் அது. மார்த்தேன் அடிகள் 1840இல் மாண்டார். 1843இல் கார்னியே அடிகள் உள்ளிட்ட பல குருக்கள் அடுத்தடுத்து மரித்தனர். கடல் கடந்து வந்த இளங்குருக்கள் தமிழைச் சரளமாகப் பேசுமுன்பே கல்லறைக்குப் போன காலம் அது. ஒரு குருவை இழந்தால் பத்து இருபது கிராமங்கள் பூசை இல்லாமல் வாடும். எனவே நோயுற்றோர் தேறவும், களைத்தோர் இளைப்பாறவும் குளிர்ந்த இடம் ஒன்று வேண்டியிருந்தது. அது சொகுசுக்காக எழுந்த விருப்பம் அன்று. உயிர் பிழைக்கும் வழி.

இதே துன்பம் பிற சபையாருக்கும் இருந்தது. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் குருமார் 1845இல் மலைமேல் இரண்டு வீடுகள் கட்டினர். கொடைக்கானல் குடியிருப்பு அவ்வாறே தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நமது இயேசு சபைக் குருக்களும் மலையேறினர். லூயி சேன் சீர் அடிகளார் அங்கே வீடு ஒன்றை வாங்கி, நோயுற்ற குருக்களின் உறைவிடமாக்கினார். "பராமரிப்பு" என்று பொருள்படும் 'லா பிராவிடன்ஸ்' என்பதே அந்த இல்லத்தின் பெயர். தேவ பராமரிப்பை நம்பி வந்தவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் அந்தப் பராமரிப்பு மனிதத் தோள்களின்மீதே ஏறிச் சென்றது என்பதை நாம் மறக்கலாகாது.

பாதைக்கு முன் இருந்த பாதை

வெள்ளைக்காரர் வந்துதான் மலைக்கு வழி கண்டார்கள் என்று எண்ணுவது தவறு. மலையின் பல இடங்களில் கற்பலகைகளை நிறுத்தி, மேலே கல் மூடி அமைத்த கற்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. செண்பகனூரில் வாழ்ந்த ஆங்கிலாத் அடிகளார் அவற்றை ஆராய்ந்தார். அவரும் நியூட்டன் அடிகளாரும் எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. அந்தக் கற்களை நட்டவர்களுக்கு வழி தெரிந்தே இருந்திருக்கும். தேனும் கிழங்கும் தேடிய பளியர்களும், மலைக் காணியில் பயிரிட்ட புலையர்களும் குன்னுவர்களும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய ஒற்றையடித் தடங்கள் அந்தச் சரிவு முழுவதும் இருந்தன.

1821இல் வார்டு என்ற நில அளவை அதிகாரி மலையை அளக்க வந்தபோது, வெள்ளகவி என்ற மலைக் கிராமத்தின் வழியாகத்தான் மேலே சென்றார். அவருடைய வரைபடம் வரலாற்றில் இடம்பெற்றது. அவருக்கு முன்னே நடந்து, முட்செடியை ஒதுக்கி, "துரை, இந்தப் பக்கம்" என்று காட்டியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை.

மலைவாசிக்கு ஒற்றையடித் தடம் போதும். பாறையைப் பற்றி ஏறுவான். வேரைப் பிடித்து இறங்குவான். ஆனால் பெட்டி சுமந்தவனும், பொதி ஏற்றிய மட்டக்குதிரையும், நோயாளியை வைத்துத் தூக்கிய நாற்காலியும் போகவேண்டுமானால் அந்தத் தடம் போதாது. சரிவை வெட்டி, அகலப்படுத்தி, ஏற்றத்தைத் தணித்த வழி தேவை. அவ்வாறு அமைந்ததே கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மேலே சென்ற குதிரைப்பாதை.

மலைச்சரிவில் வழி வெட்டும் வேலை

நம்மில் பலர் வயல் வரப்பு வெட்டியவர்கள், கண்மாய்க்கரை கட்டியவர்கள். மலைப்பாதையின் நுட்பத்தை அவர்களே எளிதில் உணர்வார்கள்.

பெரியகுளம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 அடி. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. ஆறாயிரம் அடி உயரத்தை ஏறத்தாழ 12 மைல் நீளமுள்ள பாதையால் எட்டவேண்டும். கணக்குப் போட்டால், சராசரியாகப் பத்து அடி நடக்கும்போது ஓர் அடி உயர வேண்டும். இதைவிடச் செங்குத்தானால் சுமையோடு ஏறுபவனுக்கு மூச்சு முட்டும். இறங்குபவனுக்கு முழங்கால் தாங்காது. நேரே ஏறும் வழி குறுகியது. ஆனால் சுமை ஏறாது. ஆகவே பாதையைக் குறுக்கே இழுத்து, திருப்பி, மறுபடியும் குறுக்கே இழுத்து, மடித்த தறித்துணிபோல் சரிவின்மேல் அடுக்கவேண்டும். இன்று பேருந்தில் போகும்போது நாம் காணும் கொண்டைஊசி வளைவுக்கும் இதே நியாயம்தான்.

வேலையின் முதற்படி கோடு வகுத்தல். காட்டைச் சிறிதளவு வெட்டி, ஏற்றத்தை அளந்து, முளைக்குச்சி நட்டு, பாதை போகும் வரியை முடிவு செய்வார்கள். பிறகு மலைப்பக்கம் மண்ணை வெட்டிப் பள்ளப்பக்கம் கொட்டி நடைத்தளம் எடுப்பார்கள். கொட்டிய மண் நிற்க, பள்ளப்பக்கம் சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல் பொருத்தி அணைசுவர் எழுப்பவேண்டும். அடிக்கல் ஒன்று அசைந்தால் மேலே உள்ளதெல்லாம் சரியும். ஆகவே பெரிய கல் அடியில். ஒவ்வொரு கல்லும் மலையை நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். மரத்தை வெட்டுவதிலும் அறிவு வேண்டும். பாதையை மறிக்கும் மரத்தை எடுக்கலாம். ஓரத்து மரத்தைத் தொடக்கூடாது. அதன் வேர்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலையில் இறங்கினால், பாதையே ஓடையாக மாறிவிடும். ஒரே மழையில் ஓராண்டு உழைப்பு அடித்துக்கொண்டு போகும். ஆகவே தளத்தைச் சற்றே சாய்வாக வைத்து, மலைப்பக்கம் வடிகால் வெட்டி, இடையிடையே குறுக்குக் கல் பதித்து நீரை வெளியே தள்ளவேண்டும். ஓடை குறுக்கிடும் இடங்களில் கல்பாலம் வேண்டும். அப்படியும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மண்வெட்டியோடும் கடப்பாரையோடும் ஆட்கள் திரும்பப் போகவேண்டும். மலைப்பாதை ஒருமுறை வெட்டி முடிவதில்லை. ஆண்டுதோறும் வெட்டினால்தான் அது பாதை. இல்லையேல் மூன்றே ஆண்டில் காடு.

இந்த உழைப்பு எத்தகைய இடத்தில் நடந்தது என்பதையும் எண்ணவேண்டும். அடிவாரத்தில் உசிலையும் மூங்கிலும் முட்புதரும். அங்கேதான் பெரும் ஆட்கொல்லியான மலைக்காய்ச்சல். கொசு வழியாக அது பரவுகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவந்தது. அதற்குமுன் கெட்ட காற்று என்றே நம்பினார்கள். மேலே போகப்போக ஈரம் சொட்டும் சோலைக்காடு, அட்டைக்கடி, உடலை நடுக்கும் குளிர். சமவெளியிலிருந்து ஒற்றை வேட்டியோடு போன கூலியாளுக்குக் காய்ச்சலும் குளிரும் ஒரே நாளில் வாய்த்தன.

தோப்பிலிருந்து தோள்மேல்

1875இல் மதுரைக்கு இரயில் வந்தது. அம்மையநாயக்கனூர் நிலையத்துக்குக் 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மலையோ அங்கிருந்து வெகுதூரம். இரவெல்லாம் மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாக ஏறக்குறைய 30 மைல் உருண்டு, தோப்பை அடையவேண்டும். வெயில் ஏறுமுன் மலையேறத் தொடங்கவேண்டும் என்பது அக்கால வழக்கம்.

வசதி உள்ளோர் மட்டக்குதிரையில் ஏறினர். பெண்களும் பிள்ளைகளும் நோயாளிகளும் மூங்கில் கட்டிய நாற்காலியில் அமர்ந்தனர். சுமப்போர் தோள் மாற்றி மாற்றித் தூக்கினர். பெட்டி, படுக்கை, அரிசி, விளக்கெண்ணெய், கண்ணாடிச் சாமான் எல்லாம் தலைச்சுமை. ஏற்றத்தில் பின்னால் இருப்பவன் தோளில் பாரம் விழும். இறக்கத்தில் முன்னால் இருப்பவன்மேல் விழும். ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்று சுமைதூக்கி அறிந்தவர்கள் சொல்வார்கள். ஏற்றத்தில் களைத்தால் நிற்கலாம். இறக்கத்தில் கால் வழுக்கினால் நிற்க முடியாது.

மலைமேல் இன்று நாம் வியந்து பார்க்கும் பழைய காரியங்கள் பலவும் மோட்டார் வண்டிக்கு முந்தியவை. 1866இல் நிறைவெய்திய சலேத் மாதா ஆலயம் அவ்வாறே எழுந்தது. 1895இல் செண்பகனூரில் இயேசு சபையின் நவசந்நியாச மடம் தொடங்கியதும் அவ்வாறே. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் கருவிகளும் மோட்டார் ஓசை கேட்காத மலைக்கே ஏறின. 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்தில் நமது சமவெளி செத்து மடிந்தபோது, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய எழுந்த ஆய்வே அந்தக் கூடத்துக்கு வித்திட்டது. சமவெளியின் பசிக்கு விடைதேடி ஏறிய கருவிகளை, அந்தச் சமவெளியின் மக்களே சுமந்தனர்.

மேலிருந்து இறங்கியவை

பாதை ஏறுவதற்கு மட்டும் அன்று. மலைவாழையும் பூண்டும் காப்பிக்கொட்டையும் பொதிமாட்டின் முதுகிலும் ஆள் தலையிலும் சந்தைக்கு இறங்கின. அவற்றோடு நமக்கு வேறொரு செல்வமும் இறங்கி வந்தது. செண்பகனூரில் செபத்திலும் படிப்பிலும் உருவான குருக்கள் மலையிலிருந்து இறங்கி, மதுரைச் சமவெளியின் பங்குகளுக்குப் பணிசெய்ய வந்தார்கள். நமக்குத் திருமுழுக்குத் தந்தவர்கள், நம் முன்னோரின் பாவசங்கீர்த்தனம் கேட்டவர்கள், பள்ளிக்கூடம் வைத்தவர்கள் பலருடைய பணிவாழ்வு அந்த மலையில் முளைவிட்டதே.

சலேத் மாதாவை மலைமேல் வைத்து வணங்குவதிலும் ஒரு பொருத்தம் உண்டு. 1846 செப்டம்பர் 19ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலைச்சரிவில், சலேத் என்ற ஊர்ப்புறத்தில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்ற இரு ஏழைப் பிள்ளைகளுக்கே தேவதாய் கண்ணீரோடு காட்சி தந்தாள். மலைத்தடம் அறிந்த கூலிப்பிள்ளைகளிடமே அன்னை தன் செய்தியை ஒப்படைத்தாள். ஆண்டுதோறும் ஆகஸ்டு 14, 15 தேதிகளில் கொடைக்கானலில் அந்த அன்னைக்குத் திருவிழா நடைபெறுகிறது. வண்டி வசதி இல்லாத நாளில் விழாவுக்குப் போக விரும்பியவனுக்குத் தன் காலே வண்டி.

மோட்டார் வந்தது, பாதை மறைந்தது

வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வண்டிப்பாதை ஒன்று போடவேண்டும் என்று 1870களில் லா என்ற பொறியாளர் வேலையைத் தொடங்கினார். ஆனால் அது பல்லாண்டுகள் அரைகுறையாகக் கிடந்து, முதல் உலகப்போர் ஆண்டுகளில்தான் மோட்டார் ஏறும் சாலையாக நிறைவுற்றது. அதன் பிறகு தோப்பில் வண்டிகள் நிற்கவில்லை. விடியுமுன் சுமையாட்களின் குரல் கேட்கவில்லை. ஓரிரவில் பிழைப்பு போனவர்களைப்பற்றி யாரும் மலர் வெளியிடவில்லை. பாதையைக் காடு மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டது. சரிவில் ஏறும் அந்த நடைவழியை ஆங்கிலம் பேசியோர் 'கூலி காட்' என்று அழைத்தார்கள். ஏரி வெட்டிய லெவிஞ்சுக்கும், 1872இல் செங்குத்துச் சரிவின் விளிம்பில் உலாவழி அமைத்த கோக்கருக்கும், சாலை போட்ட லாவுக்கும் அவரவர் பெயரால் நினைவு நின்றது. வழியை வெட்டிச் சுமந்த ஆயிரம் பேருக்கு மிஞ்சியது 'கூலி' என்ற ஒரே சொல்.

ஆயினும் அந்தக் கதை முடிந்துவிட்டது என்று எண்ணி ஆறுதலடைய முடியாது. 1821இல் வார்டு துரை ஏறிய வெள்ளகவி இன்றும் உண்டு. கும்பக்கரை அருவிப் பக்கமிருந்து கொடைக்கானல் செல்லும் பழைய நடைத்தடத்தில் உள்ள ஊர் அது. ஊர் மண்ணையே கோவிலாகக் கருதி, ஊருக்குள் செருப்பு அணியாத மக்கள். பக்கத்து மலையில் மோட்டார் ஓடத் தொடங்கி நூறு ஆண்டுகள் ஆனபின்னும் அவர்களுக்குச் சாலை வரவில்லை. பிரசவ வேதனையுற்ற பெண்ணையும், காய்ச்சலில் கிடந்த முதியவரையும், கம்பில் கட்டிய டோலியில் வைத்து, உறவினர்கள் காட்டுச் சரிவில் சுமந்தனர். பணம் தந்தவருக்கு அன்று நாற்காலி, பணமில்லாதவர்களுக்கு டோலி. தோள் மட்டும் மாறவில்லை.

நமக்கு ஒரு பாடம்

ஸ்நாபக அருளப்பர் ஆண்டவரின் வழியை ஆயத்தம் செய்ய வந்தார் என்று திருவருகைக் காலந்தோறும் கேட்கிறோம். வழியை ஆயத்தம் செய்வது என்றால் என்ன என்பதை மண்வெட்டி பிடித்த கைகள் நன்கு அறியும். மேட்டை வெட்டவேண்டும், பள்ளத்தை நிரப்பவேண்டும், தண்ணீரை விலக்கவேண்டும், அடுத்த மழைக்குப்பின் மீண்டும் வந்து செய்யவேண்டும். நம் பங்கு வாழ்வும் இத்தகையதே. முன்னோர் ஒருமுறை வெட்டிய வழி என்று சும்மா இருந்தால், மூன்றாண்டில் புதர் மூடும்.

நம் குடும்பங்களிலும் சுமை தூக்கியவர்கள் இருந்திருப்பார்கள். கோயிலுக்குக் கல் சுமந்த பாட்டி, கிணறு வெட்டிய தாத்தா, பங்குச்சாமியாரின் வண்டியை ஓட்டிய பெரியப்பா என்று வீட்டில் பேசப்படும் பெயர்களை, அவை மறையுமுன் எழுதி வையுங்கள் என்று பங்கு மக்களைக் கேட்டுக்கொள்கிறோம். இந்த மலரின் பின்பக்கங்களில் இடம் போதாது என்றால், ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது எழுதிக் கோயிலில் வையுங்கள். அடுத்த ஜூபிலிக்கு மலர் தொகுப்பவர்கள் கூலி என்ற சொல்லோடு நின்றுவிடாமல், பெயர் சொல்லி நன்றிகூற அது உதவும்.

பழனிமலையின் தென்சரிவில் வராக நதியும் மஞ்சளாறும் இன்றும் இறங்கி வைகையில் கலக்கின்றன. வைகை நமது மதுரைக்கு வருகிறது. மலையிலிருந்து சமவெளிக்கு முதன்முதல் வழி கண்டது தண்ணீர். அதன் பின்னே மலைவாசி. அவன் பின்னே சுமையாள். அவன் தோள்மேல் குரு. ஜூபிலித் திருப்பலியில் மறைந்த குருக்களுக்காக நாம் மன்றாடும்போது, அவர்களைச் சுமந்தவர்களுக்காகவும் ஒரு கணம் தலைதாழ்த்துவோம். நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் அவர்களுக்கும் அருள்வாராக.